காற்றுக்கு முதுகு காட்டிய கூரை

கிழக்குக் கடற்கரை ஊரான மெர்சிங்கில், ஆற்றோரமாகப் படகுத்துறைக்குப் போகும் சாலையில் தஸ்லிமாவும் அவள் கணவன் அக்பரும் சாப்பாட்டுக் கடை நடத்தி வந்தார்கள். முன்பக்கம் பழைய கல் கட்டடம், மேசை நாற்காலிகள், அக்பர் தே தாரிக் டீ ஆற்றுகிற மேடை. பின்பக்கம், கடைச் சுவரில் ஒட்டி கடல் பக்கமாகச் சரிந்து இறங்கும் ஜிங் தகட்டுக் கூரை. அதன் கீழேதான் சமையலறை. தஸ்லிமாவின் ராஜ்யம் அது. மீன் குழம்பு, ஆட்டுக்கறி, பருப்பு, பகலெல்லாம் பரோட்டா மாதிரியான ரொட்டிச் சானாய். தீவுக்குப் போகிறவர்களும் தீவிலிருந்து வருகிறவர்களும் அங்கே சாப்பிடாமல் பஸ் ஏறுவதில்லை.

அந்தச் சமையலறைக்கு ஒரு வினோதமான வியாதி இருந்தது. வருடத்தில் முக்கால்வாசி நாள் எவ்வளவு பெரிய மழை கொட்டினாலும் ஒரு சொட்டு உள்ளே வராது. மேற்கிலிருந்து திடீரென்று கிளம்பி மரத்தையே முறித்துப் போடுகிற மழை வந்தாலும் தரை காய்ந்தே கிடக்கும். நவம்பர் பிறந்து, காற்று வடகிழக்கே கடலிலிருந்து வீசத் தொடங்கி, தெங்குஜோ என்கிற பருவமழை ஆரம்பித்ததும் கூரை சல்லடையாகிவிடும். சோற்றுப் பானையில் சொட்டும். மாவு மேசையில் சொட்டும். ஒருமுறை கொதிக்கிற எண்ணெயில் சொட்டி, சமையலுக்கு உதவியாக இருந்த சந்திரமதி அக்காவின் கையெல்லாம் தெறித்துவிட்டது. அதற்குப் பிறகு மழை பலமானால் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது வழக்கமாயிற்று. படகுகள் நின்று, ஊர் சும்மா கிடக்கிற அந்த மாதங்களில்தான் உள்ளூர்க்காரர்கள் சூடாக ஏதாவது தேடி வருவார்கள். அப்போது பார்த்துக் கடை மூடியிருக்கும்.

அக்டோபர் கடைசியில் கட்டடத்தின் சொந்தக்காரர், சீன முதலாளி கோ தவுக்கே வந்தார். கோப்பி குடித்து முடித்துவிட்டு, பின்னால் போய்ச் சமையலறையை ஒரு சுற்று பார்த்தார். சுவரில் பாசி படர்ந்த கறைகளை விரலால் தடவினார். பிறகு மலாயில் சொன்னார்.

"இந்தத் தெங்குஜோ முடியட்டும். அப்புறம் இந்தப் பின்கட்ட இடிச்சிடுவேன். மீன் பெட்டி அடுக்க ஸ்டோர் கட்டப் போறேன்."

தஸ்லிமா கரண்டியைக் கீழே வைத்தாள். "சமையக்கட்டு இல்லாம நாங்க எப்படிக் கடை நடத்துறது, தவுக்கே?"

"ஒழுகுற எடத்துல நீயும்தான் எப்படிச் சமைக்கிற? மீன் பெட்டி நனைஞ்சா மீனுக்கு ஒண்ணும் ஆகாது. அது தண்ணிலேர்ந்துதான வந்துச்சு."

அவர் கெட்டவர் இல்லை. ஆள் மாற்றி ஆள் அனுப்பி அந்தக் கூரையை அடைத்துப் பார்த்துச் சலித்துப் போனவர். அது தஸ்லிமாவுக்கும் தெரியும். ஆனாலும் அவள் விடவில்லை.

"இந்த மழைக்கு ஒழுகலன்னா?"

"நீ வந்த நாள்லேர்ந்து ஒழுகுது."

"ஒழுகலன்னா, தவுக்கே?"

அவர் சிரித்துவிட்டார். "ஒழுகலன்னா எனக்கென்ன பைத்தியமா, இடிக்கிறதுக்கு? இருந்து சமைச்சுக்க."

அன்று சாயங்காலமே அவள் அர்ச்சுனனுக்குப் போன் போட்டாள். அர்ச்சுனன் லாயாங் லாயாங் என்ற ஊரில் பிறந்தவர். மெர்சிங்கில் பெண் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கி, கேட், கூரை, கட்டர் வேலையெல்லாம் செய்துவந்தார். இந்தக் கூரையில் ஏற்கெனவே இரண்டு தரம் ஏறி சிலிக்கான் தடவியவர்களில் அவரும் ஒருவர். மறுநாள் வந்தார். ஏணி வைத்து ஏறி, உச்சியிலிருந்து ரப்பர் குழாயால் தண்ணீரை அடித்தார். தஸ்லிமாவும் சந்திரமதியும் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஒரு சொட்டு விழவில்லை.

அர்ச்சுனன் இறங்கி வந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மறைக்காமச் சொல்றேன்மா. எனக்கும் புரியல. ஸ்க்ரூ எல்லாம் இறுக்கமா இருக்கு. தகட்டுல ஓட்டை இல்ல. போன தடவ சொட்டுன எடத்துக்கு நேர் மேல நல்லா அடைச்சேன். அந்த அடைப்பு அப்படியேதான் இருக்கு. திரும்பவும் சிலிக்கான் தடவிட்டுப் போலாம். ஆனா அது உங்கள ஏமாத்துற மாதிரி."

தஸ்லிமா யோசித்தாள். "அண்ணே, இதுவரைக்கும் வந்த எல்லாரும் வெயில்லதான வந்தாங்க?"

"மழையில எவன்மா கூரை மேல ஏறுவான்? வழுக்கி விழுந்தா அதோட சரி."

"மேல ஏற வேணாம். உள்ள நின்னு பாப்போம். காய்ச்சல் அடிக்கிறப்ப டாக்டர்கிட்ட காட்டாம, விட்டப்புறம் காட்டிட்டே இருக்கோம். மொத மழை வந்ததும் போன் பண்றேன். வருவீங்களா?"

அர்ச்சுனன் ரப்பர் குழாயைச் சுருட்டினார். "எந்த வேலையில இருந்தாலும் போட்டுட்டு வரேன்."

முதல் மழை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. கடல் சாம்பல் நிறமாகி, படகுகளெல்லாம் ஆற்றுக்குள் நுழைந்து கட்டிக்கொண்டன. மழை மேலிருந்து விழவில்லை. கடலிலிருந்து படுக்கையாக ஓடி வந்தது. அர்ச்சுனன் மழைச்சட்டையோடு வந்து சேர்ந்தபோது, தஸ்லிமா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சீலிங் பலகைகளைக் கழற்ற அக்பரை ஏற்பாடு செய்திருந்தாள். அக்பருக்கு உயரம் என்றால் பயம். மேசை மேல் ஏறவே இரண்டு கையாலும் தூணைப் பிடித்துக்கொள்வார். அப்படியும் முனகிக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். தகட்டின் அடிப்பக்கமும் அதைத் தாங்குகிற மரச்சட்டங்களும் தெரிந்தன.

எல்லாம் ஈரம். எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. டார்ச் அடித்தால் எல்லா இடமும் ஒரே மாதிரி மின்னியது.

"துணியால தொடைங்க அண்ணே," என்ற தஸ்லிமா, ரொட்டி மாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு பழைய துணியில் மாவை முடிந்து, ஏணியில் ஏறி, துடைத்த இடங்களில் தட்டினாள். தகட்டின் அடியிலும் சட்டங்களின் பக்கங்களிலும் மெல்லிய வெள்ளை படிந்தது.

"என்னடி பண்றே? நல்ல மாவு!" என்றார் அக்பர் கீழேயிருந்து.

"நனைஞ்ச மாவு கோடு போடும். பாருங்க."

காற்று ஒரு மூச்சு இழுத்து வீசியது. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற மடிப்பு ஒன்றிலிருந்து, யாரோ வாயால் ஊதிவிட்டதுபோல் ஒரு வரி தண்ணீர் உள்ளே தெறித்தது. தெறித்தது கீழே விழவில்லை. தகட்டின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு சரிவில் ஓடி, மாவில் சாம்பல் நிறக் கோடு போட்டு, மரச்சட்டத்தைத் தொட்டதும் பக்கவாட்டில் திரும்பி, சட்டம் நெடுக ஊர்ந்து, ஓர் ஆணி முனையில் தொங்கி, சோற்றுப் பானை வைக்கிற இடத்தில் சொட்டென்று விழுந்தது. தண்ணீர் நுழைந்த இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கலாம்.

"அலமாக்," என்று மெதுவாக வியந்தார் அர்ச்சுனன். "நான் அடைச்சது எங்க, இது வர்றது எங்க!"

அடுத்த வீச்சில் பக்கத்து மடிப்பிலும் அதே மாதிரி. அதற்கடுத்ததிலும். அவர் டார்ச்சை ஒரு மடிப்பிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்திக்கொண்டே போனார். முகம் மாறியது. திடீரென்று டார்ச்சை வைத்துவிட்டு, மழையோடு மழையாக வடக்குப் பக்கச் சந்துக்கு ஓடினார். அங்கிருந்து கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, சொட்டச் சொட்ட உள்ளே வந்தார்.

"தங்கச்சி, இந்தக் கூரையப் போட்டவன் சந்துப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்கான். ஏணி வைக்க அங்கதான வசதி. மொத தகட்டப் போட்டு, அதுக்கு மேல ரெண்டாவது, அதுக்கு மேல மூணாவதுன்னு தெக்க பாத்துப் போயிருக்கான். அதனால ஒவ்வொரு மேல் தகட்டோட ஓரமும் வடக்க பாத்து வாயத் தொறந்துட்டு நிக்கிது."

சொன்னது விளங்குவதற்காகத் தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். மேல் கையின் ஓரத்தில் தஸ்லிமா ஊதிப் பார்த்தாள். காற்று இரண்டு கைக்கும் நடுவே புகுந்தது.

"மத்த மழை மேற்க இருந்து வருது. கடைக் கட்டடம் மறைச்சிடுது. தெங்குஜோ நேரா இந்த வாய்க்குள்ள வருது," என்றாள்.

"அதான்! நான் மேலேர்ந்து குழாய் அடிச்சா எப்படி ஒழுகும்? தண்ணி சரிவோட ஓடிடும். இத எத்தன டப்பா சிலிக்கான் போட்டாலும் அடைக்க முடியாது. வெயில்ல தகடு நீளும், ராத்திரியில சுருங்கும். ரெண்டு மாசத்துல உரிஞ்சிடும்."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சந்திரமதி அக்கா பின்சுவரைக் காட்டினாள். "இங்க பாருங்க, இது வேற கதை." கடல் பக்கச் சுவரின் உச்சியிலிருந்து தண்ணீர் விரித்த பாய் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. கூரை விளிம்பில் தண்ணீரைப் பிடித்துக் குழாய்க்குக் கொண்டுபோகிற கட்டர் நிரம்பி வழிகிறது. வழிவது வெளியே போகாமல் உள்ளே வருகிறது. ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தடவிய தஸ்லிமாவுக்குக் காரணம் கையிலேயே தட்டுப்பட்டது. கட்டரின் வெளி உதடு, சுவர்ப் பக்க உதட்டைவிட உயரமாக இருந்தது. குழாய் வாயிலோ பின்னால் நிற்கிற கெத்தாப்பாங் மரத்தின் இலை ஒன்று சாப்பாட்டுத் தட்டு மாதிரி கச்சிதமாக மூடியிருந்தது.

அவள் அந்த இலையைப் பிடுங்கினாள். கட்டர் ஒரு பெரிய ஏப்பம் விட்டு, தண்ணீரை விழுங்கியது. சுவர்ப் பாய் நின்றது. தஸ்லிமா சத்தம் போட்டுச் சிரித்தாள். நனைந்து, மாவு அப்பி, பேய் மாதிரி நின்றுகொண்டு சிரிக்கிற மனைவியைப் பார்த்து அக்பருக்கு ஒன்றும் புரியவில்லை.

கூரையை உடனே பிரித்து மாற்றிப் போடப் போகிறார்கள் என்று புரிந்தபோது அவர் மறுத்தார். "தெங்குஜோ நடுவுல கூரையப் பிரிக்கிறதா? பாதி பிரிச்சப்ப மழை வந்தா அடுப்பு, மாவு, ஐஸ் பெட்டி எல்லாம் போயிடும். மார்ச் மாசம் பண்ணலாம்லா."

"மார்ச்சுல பிரிக்கிறதுக்குக் கூரை இருக்காதுங்க. தவுக்கே இடிச்சிருப்பாரு."

அக்பர் ஒத்துக்கொண்டார். தவுக்கேயும் போனில் முதலில் தயங்கினார். பிறகு, "என் கடையில கெடக்கிற புதுத் தகட்ட எடுத்துக்க. எப்படியும் ஸ்டோருக்கு வாங்குனது," என்றார்.

தெங்குஜோவிலும் மழை இடைவிடாமல் பெய்வதில்லை. நடுவில் வானம் வெளுத்து, ஊர் துணி காயப் போடுகிற நாட்கள் உண்டு. வானிலை அறிக்கையையும் மீனவர்களின் பேச்சையும் சேர்த்துப் பார்த்து, அப்படி ஒரு நாளை அர்ச்சுனன் தேர்ந்தெடுத்தார். விடிந்ததும் தன் மச்சான் தங்கராஜுவோடு வந்தார். ஏணியின் உச்சியைக் கயிற்றால் தூணோடு கட்டினார். கூரை காயும்வரை காத்திருந்தார். மேலே ஏறியதும் ஸ்க்ரூ வரிசை மேல் மட்டுமே கால் வைத்து நடந்தார். அடியில் சட்டம் இருப்பது அங்கேதான். நடுத் தகட்டில் மிதித்தால் பள்ளம் விழும், ஆளும் விழலாம்.

பழைய தகடுகள் ஒவ்வொன்றாக இறங்கின. அவற்றின் அடியில் கடல் காற்று தின்ற துருவும், வருஷக்கணக்கில் தடவிய சிலிக்கான் கட்டிகளும் இருந்தன. ஊறிப்போன சட்டம் ஒன்றை மாற்றினார்கள். பிறகு புதுத் தகட்டைத் தெற்குக் கோடியிலிருந்து, பக்கத்துக் கடைச் சுவரோரமாக, ஆரம்பித்தார்கள். இரண்டாவது தகடு முதல் தகட்டின் மேல் இரண்டு அலை அளவுக்கு ஏறியது. ஒவ்வொரு மடிப்பும் கடல் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தது. ஸ்க்ரூக்களை அலையின் மேட்டில் மட்டும் இறக்கினார்கள். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் ஓடுகிற பாதையிலேயே துளை விழும்.

"ரப்பர் வாஷர் லேசா உப்புற வரைக்கும்தான் இறுக்கணும்," என்று தங்கராஜு மேலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். "நசுங்குனா வெடிச்சிடும். அப்புறம் அதுவே ஓட்டைதான்."

கட்டர் வேலையைத் தஸ்லிமா எடுத்துக்கொண்டாள். முக்காட்டை இழுத்துப் பின்னால் முடிந்துகொண்டு ஏணியில் நின்றாள். பழைய தாங்கிகளைக் கழற்றினாள். இந்தக் கோடியிலிருந்து குழாய் இருக்கிற அந்தக் கோடிக்கு ஒரு நூல் கட்டி, குழாய்ப் பக்கம் கொஞ்சம் தாழ்த்தி, அந்த நூலுக்குச் சரியாகத் தாங்கிகளை அடித்தாள். வெளி உதடு சுவர்ப் பக்க உதட்டைவிடத் தாழ்ந்திருக்கும்படி ஒவ்வொன்றையும் வளைத்தாள். அப்படி இருந்தால் நிரம்பினாலும் தண்ணீர் வெளியேதான் கொட்டும். ஒரு குடம் தண்ணீரை மேல் கோடியில் ஊற்றினாள். அது எங்கும் தேங்காமல் வழுக்கிக்கொண்டு ஓடிக் குழாயில் விழுந்தது. இன்னொரு குடம் ஊற்றினாள். தேவையில்லைதான். பார்ப்பதற்கு அவ்வளவு நன்றாக இருந்தது. தட்டைக் கம்பி வலை வைத்தால் கெத்தாப்பாங் இலை அதன் மேலேயே படுத்துக்கொள்ளும் என்பதால், குழாய் வாய்க்குக் கூண்டு மாதிரி உப்பிய வலையை வைத்தாள். அர்ச்சுனன் தெற்குக் கோடியிலும் ஒரு குழாய் இறக்கச் சொன்னார். ஒன்று அடைத்தால் இன்னொன்று.

மதியச் சாப்பாடு முடிந்து வேலை வேகமெடுத்தபோது தகட்டின் விளிம்பு தங்கராஜுவின் உள்ளங்கையைக் கிழித்தது. ஆழமான வெட்டு. சந்திரமதி அக்கா துணி சுற்றி, அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். கூரையில் அர்ச்சுனன் தனியாள் ஆனார். ஒரு முழுத் தகட்டை ஒருவர் தூக்கிப் பொருத்த முடியாது. அந்த நேரம் பார்த்துத் தீவுகளுக்கு அந்தப் பக்கம் வானம் கறுத்தது.

"வருது," என்றார் அர்ச்சுனன்.

சந்துப் பக்கம் இன்னும் கூரை இல்லை. அந்தத் திறப்புக்கு நேர் கீழே அடுப்புகளும் மாவு மூட்டைகளும் இருந்தன. தஸ்லிமா ஏணியைப் பிடித்தாள். ஆனால் அவள் தோளில் ஒரு கை விழுந்தது. அக்பர்.

"நீ கீழேர்ந்து தகடு ஏத்திக் குடு. நான் போறேன்."

"நீங்களா? மேசை மேல ஏறவே..."

"பேசாத. பேசினா பயம் வந்துடும்."

அவர் ஏறினார். ஒவ்வொரு படிக்கும் பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டு ஏறினார். மேலே போனதும் முட்டிபோட்டு, ஸ்க்ரூ வரிசையைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். அர்ச்சுனன், "அண்ணே, கடலப் பாக்காதீங்க, என் கையப் பாருங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தஸ்லிமா கீழிருந்து தகட்டை நிமிர்த்தி ஏற்றினாள். காற்று அதைப் பாய்மரம் மாதிரி பிடித்து இழுத்தது. அவள் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கினாள். மேலே இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். ஒரு தகடு படுத்தது. அடுத்தது படுத்தது. முதல் துளிகள் அக்பரின் மொட்டைத் தலையில் விழுந்தபோது கடைசித் தகடு வடக்கு ஓரத்தில் எல்லாவற்றுக்கும் மேலாக ஏறி உட்கார்ந்தது. அர்ச்சுனன் ஸ்க்ரூ முடுக்குகிற சத்தமும் மழைச் சத்தமும் ஒன்றாகக் கலந்தன.

கடைச் சுவரும் கூரையும் சேருகிற இடத்துக்கு மட்டும் அன்று தார்ப்பாய் போட்டுச் சமாளித்தார்கள். மறுநாள் காலை வெயிலில் சுவரில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, தகட்டுப் பட்டையை அதற்குள் செருகி, சிமெண்டு வைத்துப் பூசினார் அர்ச்சுனன். வெறுமனே சுவரில் ஒட்டிய பட்டை ஒரு மழைக்குத்தான் நிற்கும் என்றார். பிறகு சந்தில் நின்று, ரப்பர் குழாயின் வாயை விரலால் அழுத்தி, கடல் காற்று வருகிற திசையிலிருந்து, தாழ்வாக, மேல் நோக்கி, மடிப்புகளின் மேல் பீச்சியடித்தார். உள்ளே தஸ்லிமா புதிதாக மாவு தட்டிவிட்டுக் காத்திருந்தாள். மாவு வெள்ளையாகவே இருந்தது. அவர் கை ஓய்கிற வரை அடித்தார். மாவு வெள்ளையாகவே இருந்தது.

டிசம்பர் நடுவில், ஊர் வெகுநாள் பேசப்போகிற அந்த மழை வந்தது. விடாமல், இரவு பகல் தெரியாமல் பெய்தது. ஆறு கரையை விட்டுக் கிளம்பியது. கம்பங்கள் என்கிற தாழ்ந்த குடியிருப்புகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். தீயணைப்புப் படையான பொம்பாவின் படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் இறக்கின. கடை இருந்த சாலை கொஞ்சம் உயரம் என்பதால் வாசல் படிவரை வந்த தண்ணீர் அங்கேயே நின்றது.

உள்ளே தஸ்லிமா அடுப்பை மூட்டினாள். கூரை மேல் மழை லாரி லாரியாகக் கல்லைக் கொட்டுவதுபோல் இரைந்தது. ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. மாவு மேசையைத் தடவிப் பார்த்தாள். சுவரைத் தடவிப் பார்த்தாள். காய்ந்த சுவர். சந்திரமதி அக்கா எண்ணெய்ச் சட்டியை வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று மேலே பார்த்தாள். பிறகு மெல்லக் கிட்டே வந்து அப்பளத்தைப் போட்டாள்.

மத்தியானத்துக்கு முன்பு நிவாரண மையத்திலிருந்து ரோஹானி என்ற அதிகாரி வந்தார். மழைச்சட்டைக்குள்ளேயும் நனைந்திருந்தார். மையத்துக்குச் சாப்பாடு வரவேண்டிய சமையற்கூடம் ஜெமாலுவாங் பக்கம் இருந்தது. சாலை மூழ்கி, வண்டி வர வழியில்லை. பள்ளிக்கூடம் நிறைய ஜனம், கைக்குழந்தைகள், நேற்று ராத்திரியிலிருந்து பிஸ்கட்டும் தண்ணீரும்தான்.

"வர்ற வழியில எல்லாக் கடையும் மூடியிருக்கு. உங்க புகைய மட்டும்தான் பாத்தேன். கொஞ்சம் பேருக்காவது சமைக்க முடியுமா, அக்கா?" என்று மலாயில் கேட்டார்.

தஸ்லிமா அக்பரைப் பார்த்தாள். அக்பர் கைலியை மடித்துக் கட்டினார்.

"கொஞ்சம் பேருக்கு எதுக்கு?" என்றாள் தஸ்லிமா. "எல்லாருக்கும் சமைக்கிறோம். லாரி மட்டும் அனுப்புங்க."

அதற்குப் பிறகு அந்தச் சமையலறை இருந்த இருப்பைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். எல்லா அடுப்பும் எரிந்தன. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற பெரிய சட்டிகளை மாடியிலிருந்து இறக்கினார்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் தங்கள் அரிசியை, கோழியை, வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கையில் தையலோடு தங்கராஜு ஒற்றைக் கையால் முட்டை உரித்தார். அர்ச்சுனன் மழைச்சட்டையோடு ஜன்னலருகே நின்று, நீளக் கம்பால் கட்டரின் வலைக் கூண்டில் சேர்கிற இலைகளை அவ்வப்போது தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு குழாய்களும் முழங்கால் பருமனுக்குத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தன. லாரி வந்தது, நிறைந்தது, போனது, மறுபடி வந்தது.

இரண்டாவது நாள் கோ தவுக்கே வந்தார். அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்து, மனைவியோடு அதே பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார். காலையில் தட்டில் விழுந்த மீன் குழம்பின் ருசி அவருக்குத் தெரிந்த ருசி. நம்ப முடியாமல் லாரியிலேயே ஏறி வந்துவிட்டார். சமையலறை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"எங்க ஒழுகுது?" என்று கத்திக் கேட்டார்.

"தேடிப் பாருங்க, தவுக்கே!" என்று தஸ்லிமா திருப்பிக் கத்தினாள்.

அவர் நிஜமாகவே தேடினார். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்தார். சுவரில் கை வைத்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். சட்டங்களுக்கு அடியில் உள்ளங்கையை ஏந்தி நின்றார், பிச்சை கேட்கிறவர்போல. வெளியே ஊரே நனைந்து அழுகிக்கொண்டிருந்தது. அவர் உள்ளங்கையில் ஒன்றும் விழவில்லை. கையைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி ஆட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். சந்திரமதி அக்கா சிரித்தாள், அக்பர் சிரித்தார், முட்டை உரித்துக்கொண்டிருந்த எல்லாரும் ஏன் என்று தெரியாமலே சிரித்தார்கள்.

"ஸ்டோர வேற எடத்துல கட்டிக்கிறேன்," என்றார் தவுக்கே. "இந்தக் கூரைய எவனும் தொடக்கூடாது."

"தொடணும் தவுக்கே," என்றார் அர்ச்சுனன் ஜன்னலிலிருந்து. "தெங்குஜோவுக்கு முன்ன ஒரு தடவ, முடிஞ்சப்புறம் ஒரு தடவ. கட்டர வாரணும், ஸ்க்ரூ பாக்கணும், உப்ப நல்ல தண்ணியில கழுவி விடணும். இல்லன்னா கடல் காத்து தின்னுடும்."

"அப்ப நீயே தொடு. அப்படியே என் மத்த கடையெல்லாம் பாரு. அங்கயும் நவம்பர்லதான் ஒழுகுது. எனக்கு இப்பதான் தோணுது."

அர்ச்சுனன் தஸ்லிமாவைக் கை காட்டினார். "தங்கச்சியும் வந்தா வரேன். மாவு தட்டுறதுக்கு அவங்க கைதான் ராசி."

தவுக்கே சட்டைக் கையை மடித்துவிட்டு, பொட்டலம் கட்டுகிறவர்களோடு போய் உட்கார்ந்தார். அவர் கட்டிய பொட்டலங்கள் எல்லாம் கோணல்.

மழை தணிந்து, ஆறு மெல்ல உள்வாங்க ஆரம்பித்த மதியத்தில், கடைசிச் சட்டியோடு தஸ்லிமாவும் லாரியில் ஏறினாள். பள்ளிக்கூடத்துக்குள் அவள் இறங்கியதும் ரோஹானி மைக்கில் ஏதோ சொன்னார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மீனவர் முதலில் கை தட்டினார். பிறகு தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்கள், தாழ்வாரத்தில் நின்றவர்கள், தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டவர்கள் எல்லாரும் தட்டினார்கள். சத்தம் பெரிதாகிக்கொண்டே போனது. தஸ்லிமாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சட்டி மூடியைத் திறந்து, ஆவி பறக்கப் பரிமாறத் தொடங்கினாள்.

எல்லாருக்கும் விழுந்த பிறகும் அடியில் சோறு இருந்தது. அவள் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு தாழ்வாரப் படியில் உட்கார்ந்தாள். நேற்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. குழம்பில் உப்பு சரியாக இருந்தது. அவள் நிதானமாக, விரல்களை நக்கிக்கொண்டு சாப்பிட்டாள். எழுந்து போய் இன்னொரு தட்டும் போட்டுக்கொண்டாள்.